பாலமும் பாதையும்

நூலகத் திரையிலே வீரனைக் காட்டிக் கைதட்டிக் கலைவதுதான் மரியாதையா, தோழர்களே? டான் போர்ட்டர் இயக்கிய ‘ஜான் லூயிஸ்: குட் டிரபிள்’ (2020) அந்த மயக்கத்தைக் கலைக்கிறது. 1965இல் செல்மா பாலத்திலே தடியடிபட்டுப் பெற்ற வாக்குரிமைச் சட்டம், 2013இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் வலுவிழந்த கதை அது. பெற்ற உரிமையும் காவாவிடில் கரையும்! ஆயினும் படத்திலே புகழுரை மிகுந்து, உடன் அடிபட்டோர் கதை குறுகிவிட்டது.

செங்கற்பட்டு முதல் மாமல்லபுரம் வரை நூலகங்கள் இதைத் திரையிடட்டும். அருகிலேயே, செங்கற்பட்டுச் சீமையின் கோழியாளம் ஈன்ற இரட்டைமலை சீனிவாசனின் தன்வரலாற்றையும் (1939) வைக்கட்டும். 1893இல் ‘பறையன்’ இதழ் கண்டவர். 1930இல் இலண்டன் வட்டமேசையிலே அம்பேத்கருடன் அமர்ந்து உரிமை கேட்டவர். கடற்கரைக் கற்கோயிலைக் காட்டிப் பல்லவன் பெருமை பேசுகிறோம். பொதுப்பாதையும் மறுக்கப்பட்டவனின் வரலாற்றை யார் பேசுவது? படம் முடிந்ததும் விளக்கேற்றுங்கள்; வாதம் தொடங்கட்டும்!