கருங்கல்லும் எழுத்தாணியும்: யோபு 19ஆம் அதிகாரமும் நமது அடக்க ஆராதனையும்

புதுக்கோட்டைக்கு மேற்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவிலுள்ள குடுமியான்மலையில், குடைவரைக் கோயிலை அடுத்த பாறைமுகத்திலே இசைக் கல்வெட்டு ஒன்று வெட்டப்பட்டுள்ளது. எழுத்தின் அமைதி கொண்டு அதனைக் கி.பி. 7ஆம் நூற்றாண்டினதென அறிஞர் மதிப்பிடுவர். பல்லவ கிரந்த எழுத்தில் அமைந்த அக்கல்வெட்டு ஏழு பகுதிகளாய்ப் பிரிந்து, பண்டைய ஏழு இராகங்களின் சுரக் கோவைகளைத் தருகின்றது. உருத்திராசாரியர் என்பாரிடம் பயின்ற ஓர் அரசன், மாணாக்கர் நன்மைக்காக அதனைச் செய்வித்தான் என்பது அக்கல்வெட்டே கூறும் செய்தி. அவ்வரசன் முதலாம் மகேந்திரவர்மனே என்பது நெடுநாள் வழங்கிய கருத்தாயினும் அனைவரும் அதனை ஒப்புக்கொள்வதில்லை. நமக்கு இங்கு வேண்டுவது வேறொன்று. அப்பாறையில் சுரங்கள் உள்ளன. பாடலின் சொற்கள் இல்லை. எதைப் பாடினார்கள் என்பது போய்விட, எப்படிப் பாடினார்கள் என்பது மட்டும் நின்றுவிட்டது.

சங்கீத புத்தகத்தின் நிலை இதற்கு நேர்மாறானது. 55 சங்கீதங்களின் தலைப்பிலே நம் தமிழ்த் திருமறை ‘இராகத்தலைவன்’ என்று பெயர்த்துள்ள எபிரெயச் சொல் காணப்படுகின்றது. சில தலைப்புகளில் வாத்தியத்தின் பெயரும், சிலவற்றில் மெட்டின் பெயர் எனக் கருதத்தக்கதும் உள. எனினும் அந்த மெட்டு ஒன்றும் நமக்கு எட்டவில்லை. சொற்கள் முழுமையாய் வந்து சேர்ந்தன; இராகம் வழியில் நின்றுவிட்டது. அச்சொற்களுள் மிகுதியானவை புலம்பல்கள் என்பதைச் சங்கீதங்களை வகைப்படுத்திய ஆய்வாளர் யாவரும் ஒப்புவர். ஆகவே, துயரத்தின் சொற்களைக் கையில் வைத்திருந்தும் அவற்றைப் பாடும் குரலை இழந்த சபையாக நாம் இருக்கின்றோமோ என்னும் ஐயம் எழுகின்றது. இக்கட்டுரை அந்த ஐயத்தை யோபு 19ஆம் அதிகாரத்தைக் கொண்டு ஆராய முற்படுகின்றது.

அந்த அதிகாரத்தைத் தெரிந்துகொண்டமைக்குக் காரணம் உண்டு. தன் சொற்கள் கருங்கல்லிலே வெட்டப்பட வேண்டும் என்று ஏங்கிய மனிதனைத் திருமறை நமக்குக் காட்டும் இடம் அதுவே (19:23, 24). புத்தகத்தில் எழுதப்பட்டால் போதும் என்று தொடங்கியவன், அதுவும் போதாதென்று பாறைக்குத் தாவுகின்றான். இரும்பு எழுத்தாணியையும் ஈயத்தையும் குறிப்பிடுகின்றான். எழுத்தாணி ஓலைக்கு உரியது, கல்லுக்கு உளியே உரியது என்பதை அறிந்த தமிழ் வாசகருக்கு இவ்விடம் சற்று இடறும். ஈயம் வெட்டிய எழுத்துக்குள் வார்க்கப்படுவதா, தனித் தகடா என்பதில் உரையாசிரியர் வேறுபடுவர். யோபின் கருத்தில் மட்டும் ஐயமில்லை. தான் இறந்த பின்னும் தன் வழக்கு அழிந்துபோகலாகாது என்பதே அவன் விருப்பம். அவன் பாறையில் வெட்டச் சொல்லும் சொற்கள் எவை? சிலர் அடுத்துவரும் அறிக்கையே அது என்பர். அதிகாரத்தின் ஓட்டத்தை நோக்கினால், அதுவரை அவன் பேசியவை யாவும், அதாவது கடவுள் தன்னைக் கவிழ்த்துப் போட்டார், தன் வழியை வேலியடைத்தார், மரத்தைப் பிடுங்குவதுபோல் தன் நம்பிக்கையைப் பிடுங்கினார் என்னும் முறையீடுகள் யாவும், அதனுள் அடங்கும் என்றே நாம் கொள்கின்றோம்.

இனி நம் வழக்கத்தைப் பார்ப்போம். 1662ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருச்சபை ஜெபப்புத்தகம், அடக்க ஆராதனையின் தொடக்கத்தில் ஓதவேண்டிய வாக்கியங்களாக யோவான் 11:25, 26, யோபு 19:25-27 ஆகியவற்றை வைத்து, அவற்றின்பின் 1 தீமோத்தேயு 6:7, யோபு 1:21 ஆகியவற்றை இணைத்தது. அம்மரபு மிஷனெரிமார் வழியாய்த் தமிழுக்கு வந்து, நம் கல்லறைத் தோட்டங்களில் ஊறிப்போயிற்று. யோபு நூலிலிருந்து இரண்டு துண்டுகள் எடுக்கப்பட்டன. ஒன்று, இழப்பைக் கேட்டவுடன் அவன் கூறிய முதல் வார்த்தை. மற்றொன்று, நம்பிக்கையின் உச்சி. இவ்விரண்டிற்கும் இடையே மூன்றாம் அதிகாரம் முதல் அவன் கதறிய கதறல் முழுவதும் விடுபட்டது. 25ஆம் வசனம் 24ஆம் வசனத்தின் பாறையிலிருந்து பெயர்த்தெடுக்கப்பட்டுப் பளிங்குக் கல்லில் பதிக்கப்பட்டது எனலாம். நேர்மையாய் இன்னொன்றையும் சொல்லவேண்டும். அதே ஜெபப்புத்தகம் 39ஆம் சங்கீதத்தையும் அடக்கத்திற்கு விதித்திருந்தது. தன்னை விட்டுப் பார்வையைத் திருப்பிக்கொள்ளுமாறு கடவுளையே வேண்டி முடியும் கடுமையான புலம்பல் அது. நம் ஆயர்கள் 23ஐயும் 90ஐயும் வாசிப்பார்கள். 39ஐ வாசிக்கக் கேட்பது அரிது.

துண்டாக்கி வாசிப்பதால் விளைந்த நட்டங்களுள் பெரியது ‘மீட்பர்’ என்னும் சொல்லைப் பற்றியது. எபிரெயத்தில் ‘கோயேல்’ என்பது முதலாவது இரத்த உறவினனைக் குறிக்கும். விற்றுப்போன நிலத்தை மீட்கவும், அடிமைப்பட்ட உறவினனை விடுவிக்கவும், சிந்தப்பட்ட இரத்தத்திற்காக வழக்காடவும் கடமைப்பட்டவன் அவன். ரூத்தின் கதையில் போவாசுக்கு உரிய சொல் இதுவே. அங்கே நம் மொழிபெயர்ப்பாளர் ‘சுதந்தரவாளி’ என்றனர். யோபு நூலில் ‘மீட்பர்’ என்றதும் நம் மனம் நேரே கல்வாரிக்குப் போய்விடுகின்றது. போவது தவறன்று, ஆனால் போகும் அவசரத்தில் 13 முதல் 19 வரையுள்ள வசனங்களைக் கடந்துவிடுகின்றோம். அங்கே அவன் தன்னைவிட்டு அகன்றவர்களை ஒவ்வொருவராய் எண்ணுகின்றான்: சகோதரர், அறிமுகமானவர், பந்துக்கள், வீட்டாட்கள், மனைவி, சிறுபிள்ளைகள். உறவின்முறை முழுவதும் விலகிய வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துதான், தனக்கு ஓர் உறவினன் உயிரோடிருக்கின்றான் என்று அவன் சொல்கின்றான். இழவு வீட்டில் பிறந்த வீட்டுக் கோடி வந்து சேராவிட்டால் ஒரு தமிழ்ப் பெண் படும் அவமானத்தை அறிந்தவர்க்கு இதன் கனம் விளங்கும். பங்காளியும் தாய்மாமனும் வராத வாசலுக்குக் கடவுளே உறவு முறையில் வருவார் என்பது அவ்வறிக்கையின் உள்ளீடு. பளிங்குக் கல்லில் அந்தத் திண்ணை தெரிவதில்லை.

தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு நிலைக்களன்களைக் கூறுகின்றது: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுதல் இளிவு. உற்றாரையும் இன்பத்தையும் இழத்தல் இழவு. முன்னிருந்த நிலை கெட்டு வருந்துதல் அசைவு. வறுமைக்கு விளக்கம் வேண்டா. யோபு நூலை இந்நான்கையும் கொண்டு வாசித்தால் வியப்பான பொருத்தம் தோன்றுகின்றது. முதல் அதிகாரத்தில் வறுமை ஒருவன்பின் ஒருவனாய் வரும் தூதுவர் வாயிலாகவும், இழவு இறுதித் தூதுவன் வாயிலாகவும் வருகின்றன. 29, 30ஆம் அதிகாரங்கள் அன்றைய வாழ்வையும் இன்றைய வீழ்ச்சியையும் அடுத்தடுத்து வைக்கும் அசைவு. 19ஆம் அதிகாரமோ பெரும்பகுதி இளிவு. நம் ஆறுதல் பிரசங்கங்கள் இழவு ஒன்றையே துக்கம் என எண்ணி, மறுமை நம்பிக்கையைக் கூறி அமைகின்றன. கணவனை இழந்தவளுக்கு மறுநாளே தொடங்கும் இளிவுக்கும், வாடகை வீட்டின் வறுமைக்கும் அப்பிரசங்கம் விடை கூறுவதில்லை. அவள் ஆலயத்துக்கு வருவது குறையும்போது ‘விசுவாசம் தளர்ந்தது’ என்று நாம் குறித்துக்கொள்கின்றோம்.

யோபின் மனைவியைப்பற்றியும் இங்கே சொல்லியாகவேண்டும். மேடைகளில் அவளுக்குக் கிடைத்த ஏச்சு வேறெவருக்கும் கிடைத்திருக்காது. பத்துப் பிள்ளைகள் அவளுக்கும் பிள்ளைகளே. எபிரெய மூலம் அவளுக்கு ஒரே ஒரு வசனத்தை அளித்து (2:9) அனுப்பிவிடுகின்றது. கிரேக்க மொழிபெயர்ப்பாகிய செப்துவஜிந்தைச் செய்தவர்களுக்கு அது போதவில்லை. அவர்கள் அவ்விடத்தில் அவளுக்கு நீண்ட பேச்சு ஒன்றைச் சேர்த்தார்கள். அதிலே அவள், தன் வயிற்று வலியோடு பெற்ற பிள்ளைகள் வீணாய்ப் போனதையும், தான் வீடுவீடாய்க் கூலிக்கு அலைந்து சூரியன் அடையும் வேளைக்காகக் காத்திருப்பதையும் கூறி அழுகின்றாள். மூலத்தில் இல்லாத சேர்க்கை என்று பாடபேத ஆய்வு அதனை ஒதுக்கும்; ஒதுக்கவும் வேண்டும். ஆயினும் நம் ஊர்களின் ஒப்பாரியைக் கேட்டவர்க்கு அப்பேச்சு அந்நியமாயிராது. இறந்தவரைப் பாடத் தொடங்கித் தன் வயிற்றுப்பாட்டையும், உறவினர் செய்த குறையையும், நாளைய பயத்தையும் ஒரே மூச்சில் சொல்லும் முறை அதுவே. கிறிஸ்தவ வீடுகளில் ஒப்பாரியை, நம்பிக்கையற்றவர்களின் வழக்கமென்று 1 தெசலோனிக்கேயர் 4:13ஐக் காட்டி நாம் அடக்கிவந்தோம். பவுல் அங்கே துக்கப்படுவதையே விலக்கினாரா, நம்பிக்கையற்றோரைப்போல் துக்கப்படுவதை விலக்கினாரா என்பது கிரேக்கம் பயிலும் முதலாண்டு மாணவருக்கும் தெரியும். கத்தோலிக்கர், இலங்கையில் பணிசெய்த யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கம் போன்றவற்றின் மூலம் அக்குரலுக்குத் தவக்காலத்தில் ஓர் இடம் ஒதுக்கினர். நம் பக்கத்தில் அந்த இடம் வெறுமையாயிற்று.

ஆனால் ஒப்பாரியை அப்படியே ஆராதனைக்குள் கொண்டுவந்தால் போதும் என்று எழுதுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. ஒப்பாரியும், புறத்திணையின் கையறுநிலையும் இறந்தவரை நோக்கியோ, எஞ்சிய உலகை நோக்கியோ பேசுகின்றன. திருமறையின் புலம்பல் கடவுளை நோக்கிப் பேசுகின்றது. இது சிறு வேறுபாடன்று. 42:7இல் ஆண்டவர் எலிப்பாசிடம், யோபைப்போல நீங்கள் சரியாய்ப் பேசவில்லை என்கின்றார். ‘என்னைக் குறித்து’ என்று நாம் பெயர்க்கும் எபிரெய முன்னிடைச்சொல் வழக்கமாக ‘என்னை நோக்கி’ எனவே பொருள்படும். இலக்கணம் இரண்டுக்கும் இடம் தரலாம். நூலின் அமைப்போ இரண்டாவதையே வலியுறுத்துகின்றது. நண்பர் மூவரும் கடவுளைப் பற்றி நிறையப் பேசினர். ஒரு தடவையேனும் கடவுளோடு பேசியதாக நூலில் இல்லை. யோபு ஏசியபோதும் அவரிடமே ஏசினான். விசுவாசத்தைப் பற்றிக்கொள்வது என்பது இந்நூலில் அமைதியாய் இருப்பதைக் குறிக்கவில்லை; பேச்சைத் துண்டிக்காதிருப்பதையே குறிக்கின்றது.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று ஆழிப்பேரலை தமிழ்நாட்டுக் கரையில் மட்டும் ஏறத்தாழ 8,000 உயிர்களைக் கொண்டது. நாகப்பட்டினம் மாவட்டம் அதில் பெரும்பங்கைக் கொடுத்தது. பல இடங்களில் அடக்கம் என்பது ஒரே குழியாயிற்று. வாசிக்கவோ பாடவோ நேரமில்லை. பின்வந்த வாரங்களில் அது பாவத்திற்கு வந்த தண்டனை என்னும் பிரசங்கமும் எழும்பாமலில்லை. அது எலிப்பாசின் இறையியல். அந்நூலின் முடிவிலே கடவுளின் கோபத்திற்கு ஆளானதும் அதுவே. அம்மூவரும் வாய்திறவாமல் ஏழு நாள் தரையில் உட்கார்ந்திருந்ததையாவது (2:13) அப்பிரசங்கிகள் கற்றிருக்கலாம்.

தமிழகத்தில் எழுதப்பட்ட நூல்களுள் இதற்கு மாறானதாக ஒன்றைக் காட்டலாம். டோனாவூரில் பணிசெய்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931 அக்டோபரில் விழுந்து காயமுற்று, 1951 ஜனவரியில் இறக்கும்வரை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பெரும்பாலும் தம் அறைக்குள்ளேயே இருந்தார். 1933இல் வெளிவந்த அவருடைய ‘ரோஸ் ஃப்ரம் பிரையர்’ நோயுற்றவர் நோயுற்றோருக்கு எழுதிய கடிதங்களின் தொகுப்பு. நலமாயிருப்பவர் எழுதும் ஆறுதல் நூல்கள் படுக்கையிலிருப்பவருக்கு எட்டுவதில்லை என்னும் உணர்வே அதன் தோற்றுவாய். அந்நூலிலும் ஒரு குறையை நாம் காண்கின்றோம். வலியை உள்ளபடி சொல்லும் அவர், அதைக் கடவுள்மேல் முறையீடாய்த் திருப்பத் தயங்குகின்றார். ஏற்றுக்கொள்ளுதலே அவருக்குப் பிரதானம். யோபின் 19ஆம் அதிகாரம் அவர் கையில் மென்மையாகிவிடும். ஆயினும் தம் கல்லறைமேல் கல் வேண்டாமென்று அவர் கேட்டுக்கொள்ள, பிள்ளைகள் பறவைகளுக்கான நீர்த்தொட்டி ஒன்றை வைத்துத் தாய் எனப் பொருள்படும் ஒரு சொல்லை மட்டும் அதில் பொறித்தனர். பொறிப்பதற்கு வசனம் ஒன்றும் தேடாத அந்த அடக்கம் நமக்குப் பிடித்திருக்கின்றது.

பாடல்களுக்கு வருவோம். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774-1864) முதலானோர் நம் இராகங்களைச் சபைக்குள் கொண்டுவந்தனர். முகாரி போன்ற சோக இராகங்கள் நமக்கும் உரியவாயின. ஆனால் அவை பெரிய வெள்ளிக்கிழமையின் சொத்தாகவே நின்றன. எச். ஏ. கிருஷ்ண பிள்ளையும் தம் இரட்சணிய யாத்திரிகத்தில் (1894) இரட்சணிய சரித படலத்தை ஆண்டவரின் பாடுகளுக்கே ஒதுக்கி உருகுகின்றார். கிறிஸ்துவுக்காக அழத் தமிழ்க் கிறிஸ்தவனுக்கு மொழியும் இராகமும் தாராளமாய் உண்டு. தன் பிள்ளைக்காக அழ இல்லை. அடக்கத்திற்கென நாம் பாடுபவை பெரும்பாலும் இரண்டாம் சரணத்திலேயே பரலோகம் சேர்ந்துவிடுகின்றன. சிலுவையில் ஆண்டவர் எடுத்துக்கொண்டது 22ஆம் சங்கீதத்தின் முதல் வரி. அது மெட்டின் பெயரோடு வந்த புலம்பல் என்பதைக் கீர்த்தனை இயற்றும் நம் மாணவர்கள் கவனிக்க வேண்டும். 88ஆம் சங்கீதத்தை ஒருவராவது, இருளிலே முடியும் அதன் முடிவை மாற்றாமல், முகாரியில் அமைத்துத் தருவாராயின் அடக்க ஆராதனைக்கு அது பெரிய கொடையாயிருக்கும்.

இறுதி அதிகாரத்தைப்பற்றி ஒன்று. யோபுக்கு ஆடுமாடுகள் இரட்டிப்பாய்த் திரும்பின. பிள்ளைகளோ முன்போலவே பத்து. இறந்த பத்துப்பேரும் கடவுளிடம் உயிரோடிருப்பதால் அதுவும் இரட்டிப்பே என்று பழைய உரையாசிரியர் கணக்குக் காட்டுவர். அக்கணக்கை நூல் காட்டவில்லை. பின்பிறந்த மூன்று பெண்களுக்கும் எமீமாள், கெத்சீயாள், கேரேனாப்புக் என்று பெயர் சொல்லும் ஆசிரியர், முன் இறந்த பத்துப்பேரில் ஒருவர் பெயரையும் சொல்லவில்லை. உறவினர் வந்து அப்பம் புசித்து, ஆளுக்கொரு வெள்ளிக்காசும் பொன் வளையமும் கொடுத்து, வந்த தீங்கினிமித்தம் அவனைத் தேற்றினார்கள் என்பதை மட்டும் எழுதுகின்றார் (42:11). செல்வம் திரும்பியதைக் கூறிய வசனத்தை அடுத்தே இத்தேற்றுதல் வருகின்றது. எல்லாம் கிடைத்த பின்னரும் அவனுக்குத் தேற்றரவு தேவையாயிருந்தது என்று அவ்வரிசையிலிருந்து நாம் கொள்கின்றோம். அவன் மனைவியைத் தேற்ற யாராவது வந்தார்களா என்று அங்கேயும் எழுதப்படவில்லை.