அறிந்த பிழைகளின் பட்டியல்

பெர்ல் மொழியின் மூலநிரலோடு வரும் கோப்புகளில் எனக்கு மிகப் பிடித்தது, உரையில் வடிவங்களைத் தேடும் ரெகெக்ஸ் வசதிக்கான அதன் சோதனைப் பட்டியல். வெறும் உரைக்கோப்புதான், டேப் இட்டுப் பிரித்த பத்திகள். முதலில் தேடும் வடிவம், அடுத்து தேடப்படும் சரம், பிறகு ஒற்றை எழுத்து. 'ஒய்' என்றால் பொருந்த வேண்டும், 'என்' என்றால் பொருந்தக் கூடாது. அதன்பின், பொருந்திய பகுதி எதுவாக இருக்க வேண்டும் என்ற விடை.

அந்த விடைப் பத்திதான் அழகு. 'கல்|கல்வி' ('கல்' அல்லது 'கல்வி') என்ற வடிவத்தை 'கல்விமான்' என்ற சொல்லில் தேடுங்கள். பெர்ல் இடப்பக்கத்திலிருந்து முயன்று, முதலில் பொருந்தும் 'கல்'லோடு நின்றுவிடும். போசிக்ஸ் என்ற பொதுத் தரத்தின் விதிப்படி நடக்கும் ரெகெக்ஸ் நூலகமோ நீளமான 'கல்வி'யைத் தர வேண்டும். இரண்டுமே சரி. பொருந்தியதா என்று மட்டும் கேட்கும் சோதனைக்கு இந்த வேறுபாடு கண்ணில் படவே படாது.

இன்னொரு குறியும் உண்டு: 'பி'. இந்த வரி ஏற்கெனவே தெரிந்த பிழையைக் காட்டுகிறது, இப்போதைக்குத் தாண்டிப் போகலாம் என்று பொருள். திருத்த முடியாததை அழித்து மறைக்காமல், எல்லோரும் பார்க்கும்படி எழுதிவைக்கிறார்கள். நிரல் உலகில் இதைவிட நேர்மையான எழுத்து எனக்குத் தெரியாது.

கூகுளின் ஆர்இ2 என்ற ரெகெக்ஸ் நூலகம் சோதனையில் வேறு வழியில் போகிறது. குறிப்பிட்ட அளவு வரை சாத்தியமான சிறு வடிவங்களையெல்லாம் நிரலே உண்டாக்கி, சிறு சரங்களோடு ஓட்டி, வெவ்வேறு முறைகள் தரும் விடைகளை ஒப்பிடுகிறது. மனிதருக்குத் தோன்றாத மூலைகளும் அதில் அகப்படும். ஆனாலும் பெர்ல் பட்டியலில் கையால் எழுதிய வரிகளின் பக்கமே என் மனம் சாய்கிறது. சிலவற்றின் அருகே பிழை அறிக்கையின் எண் இருக்கும். யாருக்கு எங்கே இடறியது என்று தேடிப் படிக்கலாம்.