இரட்டையர் எழுதும் காதல்: கிறிஸ்டா, பெக்கா ரிச்சி நாவல்களை முன்வைத்து

சென்ற நோன்புப் பெருநாளுக்கு ராத்தா வீட்டுக்குப் போயிருந்தபோது ஒரு வழக்கு என் முன்னால் வைக்கப்பட்டது. பிரதிவாதி ராத்தாவின் மகள். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருப்பவள். குற்றம், இரவிரவாகப் போனில் ஆங்கிலக் காதல் நாவல் வாசித்தது. மச்சான் அட்டைப்படத்தை மட்டும் பார்த்திருந்தார். ராத்தா கதைச்சுருக்கத்தை வாசித்திருந்தா. இருவருக்கும் அதுவே போதுமாக இருந்தது.

"இலக்கியம் இலக்கியம் என்று திரியிறது நீதானே, வாசிச்சுப் பாத்து ஒரு முடிவு சொல்லு" என்றா ராத்தா. மகள் என்னைப் பார்த்து ஒன்றுதான் சொன்னாள்: "சாச்சி, நீங்களும் வாசிக்காம சொல்லிராதீங்க."

நியாயமான கோரிக்கை. மூன்று மாதம் அந்த நாவல்களோடு இருந்தேன். ராத்தாவுக்குச் சொன்ன முடிவையும், சொல்லாமல் விட்ட சிலதையும் இங்கே எழுதுகிறேன். இது ஒரு வீட்டு வழக்கு மட்டுமல்ல என்று நினைக்கிறேன்.

கிறிஸ்டா ரிச்சி, பெக்கா ரிச்சி இருவரும் அமெரிக்க இரட்டைச் சகோதரிகள். 2013 இல் 'அடிக்டட் டு யூ' என்ற நாவலைப் பதிப்பகம் எதையும் நாடாமல் தாங்களே வெளியிட்டார்கள். அது தொடராக வளர்ந்தது. அடிக்டட் வரிசையில் ஐந்து, அதனோடு பின்னிப் பிணைந்த கெலவே சகோதரிகள் வரிசையில் ஐந்து, ஆகப் பத்து நாவல்கள். பிறகு அந்தப் பாத்திரங்களின் பிள்ளைகளைப் பற்றி இன்னொரு தொடர். பல வருடம் கழித்து பேர்க்லி என்ற பெரிய பதிப்பகம் முதல் தொடரை மறுபதிப்புச் செய்தது. இடையில் இளையோருக்கென்று 'த ரேஜிங் வன்ஸ்' (2018), 'த லாஸ்ட் ஹோப்' (2019) என்ற இரண்டு விஞ்ஞானக் கற்பனை நாவல்களையும் எழுதினார்கள். எல்லா அட்டையிலும் இரண்டு பெயர்கள். உள்ளே எது யார் கை என்று பிரித்தறிய நான் முயன்றேன், முடியவில்லை.

முதலில் ராத்தாவின் பயத்துக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தப் பயம் வெறும் பயம் அல்ல. முதல் நாவலின் நாயகி லிலி, குளிர்பானக் கம்பனி ஒன்றின் கோடீஸ்வரக் குடும்பத்துப் பெண். பாலியல் இச்சைக்கு அடிமையானவள். அவளுடைய சிறுவயது நண்பன் லோரன் குடிக்கு அடிமை. இருவரும் காதலர்களாக ஊருக்கு நடிக்கிறார்கள். அவளுடைய நோயை அவனும், அவனுடைய நோயை அவளும் மூடி மறைப்பதற்கான ஏற்பாடு அது. படுக்கையறைக் காட்சிகள் ஒளிவுமறைவின்றி வருகின்றன. ஆங்கிலப் பதிப்பு உலகம் இந்த வகையை 'நியூ அடல்ட்' என்கிறது. பள்ளிப் பருவம் தாண்டியவர்களுக்கானது என்பது கணக்கு. ஆனால் போனுக்கு வயது தெரியாது. பதினான்கு வயதுப் பிள்ளை கையில் இதைக் கொடுக்கலாமா என்று கேட்டால், கூடாது என்றுதான் சொல்வேன். அதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை.

ஆனால் அதோடு பேச்சை முடித்துக்கொண்டால் நாம் வாசித்தவர்கள் ஆகமாட்டோம்.

இந்தப் பத்து நாவல்களிலும் காதல் என்பது கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி. உள்ளே விற்கப்படுவது வேறு. கெலவே குடும்பத்தில் நான்கு பெண்பிள்ளைகள்: பொப்பி, ரோஸ், லிலி, டெய்சி. மூத்தவள் பொப்பியைத் தவிர மற்ற மூவருக்கும் தனித்தனிக் காதல் கதை இருக்கிறது. ஆனால் வாசித்து முடித்த பிறகு என் மனதில் தங்கியவை காதலர்கள் பேசிக்கொண்ட இடங்கள் அல்ல. லோரன் குடியை விடுவதற்காகச் சிகிச்சை நிலையத்துக்குப் போன பிறகு, தனித்துப் போன லிலியோடு அக்கா ரோஸ் வந்து குடியிருக்கிறாள். ரோஸ் கண்டிப்பானவள், நாக்கு நீளம், யாரையும் லேசில் தொட விடாதவள். தங்கச்சிக்கு வந்திருக்கும் நோயைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகத் தேடிப் படிக்கிறாள். அருவருப்புக் காட்டவில்லை. உபதேசமும் பண்ணவில்லை. கூடவே இருக்கிறாள். இந்தத் தொடரின் உண்மையான காதல் கதை அதுதான் என்பது என் கருத்து.

ஒரு தனி எழுத்தாளர் இதை இப்படி எழுதியிருப்பாரா? எழுதியிருக்கலாம். ஆனால் காதல் நாவல் என்ற வகைக்கு ஒரு பழக்கம் உண்டு. கதாநாயகன் வந்தவுடன் நாயகியின் அக்கா தங்கச்சிமார் சுவரோடு சுவராகிவிடுவார்கள். கல்யாண வீட்டில் ஒருமுறை தலைகாட்டுவதோடு சரி. ரமணிசந்திரனை இரவல் வாங்கி வாங்கி வாசித்த தலைமுறை நான். அந்தப் பழக்கம் எனக்கு நன்றாகத் தெரியும். ரிச்சி சகோதரிகளிடம் அது தலைகீழாக நடக்கிறது. ஆண்கள் வருகிறார்கள், கல்யாணம் நடக்கிறது, பிள்ளைகள் பிறக்கிறார்கள். அக்கா தங்கச்சிமார் கதையின் நடுவிலிருந்து அசைவதில்லை. எழுதும் மேசையில் இரண்டு பேர் இருந்ததால்தான் கதையிலும் அந்த இடம் காலியாகவில்லை என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

இளையோர் நாவலான 'த ரேஜிங் வன்ஸ்' இதை இன்னும் வெளிப்படையாகக் காட்டுகிறது. அந்த உலகத்தில் ஒவ்வொருவருக்கும் தாம் இறக்கும் நாள் முன்கூட்டியே தெரியும். எவ்வளவு காலம் வாழப்போகிறார் என்பதை வைத்தே ஒருவரின் வகுப்பும் வசதியும் தீர்மானிக்கப்படுகின்றன. நீண்ட ஆயுள் உள்ளவனுக்குப் பதவி. இளமையில் இறக்கப்போகிறவனுக்கு இருக்கிற நாளை எப்படியும் கழித்துவிட்டுப் போ என்ற அனுமதி. பதினேழு வயது ஃபிரானி தன் மரண நாளன்று சாகாமல் தப்பிவிடுகிறாள். அப்படியே தப்பிய கோர்ட், மைக்கல் என்ற இரு இளைஞர்களோடு அவளுக்கு ஒரு விநோதப் பிணைப்பு ஏற்படுகிறது. ஒருவரின் குளிரும் வலியும் பயமும் மற்ற இருவரின் உடம்பிலும் தெரிகின்றன.

அஜல் மறைவான அறிவு என்று சிறுவயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மறைவு ஒரு ரஹ்மத் என்று ஹஸரத்மார் சொல்லக் கேட்டிருக்கிறோம். அந்த மறைவு இல்லாமல் போனால் ஒரு சமூகம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதை, நம் மார்க்கத்தோடு சம்பந்தமே இல்லாத இரண்டு பெண்கள் கதையாக நடத்திக் காட்டியிருக்கிறார்கள். மகளோடு இதைப் பற்றி ஒரு பின்னேரம் முழுக்கக் கதைத்தேன். "நாள் தெரிஞ்சா நல்லா அமல் செய்வம் என்றுதான் முதல்ல நெனச்சேன் சாச்சி. இந்தப் புத்தகத்தில யாரும் அப்படிச் செய்யலயே" என்றாள். ஒரு பொழுதுபோக்கு நாவல் பதினெட்டு வயதுப் பிள்ளையிடமிருந்து இப்படியொரு வார்த்தையை வெளியே எடுக்குமானால் அது வீண்போனதல்ல. மற்றவரின் வலி தன் உடம்பில் தெரிகிற அந்தப் பிணைப்பும் இரட்டையர் இருவரின் கற்பனைக்கு இயல்பாகவே வந்திருக்க வேண்டும்.

இனிக் குறைகள். இருவர் எழுதுவதன் பலம் எங்கே இருக்கிறதோ பலவீனமும் அங்கேயே இருக்கிறது. தம் பாத்திரங்கள் மீது இந்தச் சகோதரிகளுக்கு இருக்கும் பாசம் வீட்டாரின் பாசம். வீட்டாருக்குத் தம் பிள்ளையின் பிழை தெரியாது. லோரன் மற்றவர்களை வார்த்தையால் குத்திக் கிழிக்கிறான். நொந்துபோனவன் என்று உடனே மன்னிக்கப்படுகிறான். டெய்சியை நேசிக்கும் ரைக் அவளைவிட ஏழு வயது மூத்தவன். அவள் பள்ளிப் பிள்ளையாக இருந்த காலத்திலிருந்து அவளை அறிந்தவன். இதிலுள்ள சிக்கலைக் கதை தொடுகிறது, ஆனால் வாசகரைச் சமாதானப்படுத்துவதற்காகத் தொடுகிறது. வெட்ட வேண்டிய பக்கங்கள் வெட்டப்படவில்லை. எழுதியவர் இருவராக இருந்தும், வெளியாளாக நின்று பார்க்கும் மூன்றாவது கண் இல்லை.

பெரிய குறை பணம். லிலிக்கு நோய் என்றால் சிறந்த வைத்தியர் கிடைக்கிறார். லோரன் மூன்று மாதம் நிலையத்தில் இருக்கிறான். செலவைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஊடகங்கள் துரத்தினால் மதிலுக்குள் வீடு வாங்கிக்கொள்கிறார்கள். ஐஸுக்கு அடிமையான பிள்ளையை வைத்துக்கொண்டிருக்கும் ஒரு தாய் நம் ஊரில் எந்த வாசலைத் தட்டுவா? இந்த நாவல்களில் அவளுக்கு விடை இல்லை.

ஆனாலும் கேள்வி இருக்கிறது. முதல் நாவல் முழுக்க இருவர் ஒருவர் நோயை ஒருவர் மறைக்கிறார்கள். அந்த மறைப்பில்தான் இருவரும் அழிகிறார்கள். அன்பு என்று அவர்கள் நினைத்துக்கொண்டிருந்தது நோய்க்குப் போட்ட தீனி. பிறர் குறையை மறைப்பது நற்குணம் என்று நமக்குச் சொல்லித் தரப்பட்டிருக்கிறது. நோயை மறைப்பது அதுவல்ல. 'மானம் போயிடும்' என்று கதவைச் சாத்திக்கொண்டு உள்ளுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகளை எனக்குத் தெரியும். அந்த வீடுகளில் ஒரு ரோஸ் இருந்திருந்தால் என்று இந்தப் புத்தகங்களை வாசிக்கும்போது பல தடவை நினைத்தேன்.

சகோதரிகள் சேர்ந்து எழுதுவது புதிய காரியம் அல்ல. 1826 இல் இங்கிலாந்தின் ஹவோர்த் கிராமத்தில் ஒரு பாதிரியார் தன் மகனுக்கு மரத்தால் செய்த பொம்மைச் சிப்பாய்களை வாங்கி வந்தார். அவற்றை வைத்து பிராண்டே பிள்ளைகள் நால்வரும் ஒரு கற்பனை நகரத்தையே கட்டினார்கள். பிறகு சார்லட்டும் தம்பியும் அங்ரியா என்ற நாட்டுக்குக் கதை எழுத, எமிலியும் ஆனும் பிரிந்து கொண்டல் என்ற தீவுக்கு எழுதினார்கள். இன்றைய தொடர் நாவல்காரர்கள் செய்கிற அதே வேலை: ஒரே உலகம், பரம்பரை பரம்பரையாகப் பாத்திரங்கள், காதல், துரோகம். எமிலியும் ஆனும் கொண்டலுக்கு எழுதிய உரைநடைக் கதைகள் இன்று இல்லை, கவிதைகள்தான் மிஞ்சியிருக்கின்றன. 1846 இல் மூன்று சகோதரிகளும் ஆண்களுடையவை போல் தோன்றும் புனைபெயர்களில் சேர்ந்து வெளியிட்ட கவிதை நூல் இரண்டே பிரதிகள்தான் விற்றதாம். அடுத்த வருடமே 'ஜேன் அயர்' வந்தது. 1848 இல் சார்லட்டும் ஆனும் லண்டனுக்குப் போய், நாங்கள் ஒருவரல்ல, வேறு வேறு ஆட்கள் என்று பதிப்பாளர் முன்னால் நின்று நிரூபிக்க வேண்டியிருந்தது. ரிச்சி சகோதரிகளின் எழுத்து பிராண்டேக்களின் எழுத்துக்கு அருகில் வராது; அதை நான் சொல்ல வரவில்லை. பெரிய எழுத்தும் சின்னப் பிள்ளைகள் கூடியிருந்து கட்டிய கதையிலிருந்துதான் முளைத்தது என்பதைச் சொல்கிறேன்.

நம்மிடமும் அப்படித்தான். 1885 இல் சித்திலெப்பை மரைக்கார் எழுதிய 'அஸன்பே சரித்திரம்' இலங்கையின் முதல் தமிழ் நாவல் என்று பெருமையோடு சொல்கிறோம். அது என்ன கதை? கடத்தப்பட்ட குழந்தை, தூர தேசம், வீரம், காதல். அறிஞர் ஒருவர் தம் சமூகத்துக்கு நாவல் என்ற ஒன்றைக் கொடுக்க நினைத்தபோது, சனங்கள் விரும்பி வாசிக்கும் கதையைத்தான் எடுத்தார். வெகுசன எழுத்தைத் தீண்டக்கூடாததாக ஒதுக்கும் விமர்சகர்கள் இந்த முதற்படியை மறந்துவிடுகிறார்கள்.

ராத்தாவுக்கு நான் சொல்லாமல் விட்டது ஒன்று இருக்கிறது என்றேன். ராத்தாவுக்குப் பதினாறு, எனக்குப் பதின்மூன்று வயதில் நாங்கள் இருவரும் ஒரு சீ.ஆர். கொப்பியில் கதை எழுதினோம். ஒரு பக்கம் அவ, ஒரு பக்கம் நான். கப்பலில் வந்த ஒரு வியாபாரியின் மகனைப் பற்றிய காதல் கதை. வீட்டுப் பெரியவர் ஒருவரின் கையில் அது அகப்பட்டது. குசினி அடுப்பில் அது எரிந்ததை இருவரும் நின்று பார்த்தோம். அவரும் ஒரு வரிகூட வாசிக்கவில்லை. நான் பிறகு திரும்பவும் எழுத வந்தேன். ராத்தா வரவில்லை. எங்கள் இருவரில் நன்றாக எழுதியவ அவதான்.

ஆகவே என் முடிவு இது. 'த ரேஜிங் வன்ஸ்' பள்ளிப் பிள்ளைகள் வாசிக்கலாம். பெரியவர்கள் கூடவே வாசித்தால் இன்னும் நல்லது. அடிக்டட் வரிசையை வயது வந்த பிறகு, அதன் பணக்கார மயக்கத்தையும் மலிவான மன்னிப்புகளையும் இனங்காணத் தெரிந்த பிறகு வாசிக்கலாம். ராத்தாவின் மகளுக்கு அந்தத் தெளிவு இருக்கிறது என்பதற்கு நான் சாட்சி. பிடுங்கிவைத்த போனைத் திருப்பிக் கொடுக்கச் சொன்னேன்.

ராத்தா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா. பிறகு கேட்டா: "அந்த வியாபாரிட மகனுக்கு நாங்க என்ன பேர் வெச்சம்?"

எனக்கு ஞாபகம் வரவில்லை. அவவுக்கு ஞாபகம் இருந்தது.