பார்மட் என்னும் சர்வரோக நிவாரணி

போன வருஷம் எங்கள் பாபநாசத்தில் நடந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். விமர்சனம் அதற்கு அப்புறம்.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் தமிழய்யா. 2002-லிருந்து ஏழெட்டு வருஷம் கபிஸ்தலம், திருக்கருகாவூர், மெலட்டூர்ப் பக்கமெல்லாம் சைக்கிளில் போய் நடவுப்பாட்டு, ஒப்பாரி, தாலாட்டு என்று கேட்டு எழுதிக்கொண்டு வந்தவர். பிறகு எல்லாவற்றையும் அவரே பாமினி எழுத்துருவில் தட்டி வேர்டு கோப்புகளாக வைத்தார். தட்டி முடித்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டார். “அதான் கம்ப்யூட்டர்ல ஏறிடுச்சே தம்பி” என்றார் என்னிடம்.

ஒருநாள் காலையில் கணினி கிளம்பவில்லை. கருப்புத் திரையில் ஒரு வரி ஆங்கிலம், அவ்வளவுதான். சிபியுவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனார். கடைப் பையன் பார்த்துவிட்டு, “விண்டோஸ் போயிடுச்சுங்கய்யா, பார்மட் அடிச்சுடலாம். டி டிரைவ்ல இருக்கறதுக்கு ஒண்ணும் ஆகாது” என்றான். ஐயா தலையாட்டினார். 500 ரூபாய். சாயந்திரமே கணினி வீட்டுக்கு வந்துவிட்டது.

பாட்டுகளில் பாதி டெஸ்க்டாப்பில் இருந்தன. டெஸ்க்டாப் என்பது சி டிரைவுக்குள் இருக்கும் ஒரு கோப்புறை என்று ஐயாவுக்கு யாரும் சொன்னதில்லை. அவை போயின. மீதிப் பாதி டி டிரைவில் பத்திரமாகத்தான் இருந்தது. ஆனால் திறந்தால் ஒரே ஆங்கில எழுத்துக் குப்பை. மறுபடி கடைக்குப் போன் போட்டதற்கு, “வைரஸ் தின்னுருக்கும் ஐயா, அழிச்சிடுங்க, இல்லேன்னா மத்ததுக்கும் பரவும்” என்று பதில் வந்தது. ஐயா உட்கார்ந்து ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டிருந்தார். வேறு ஏதோ வேலையாக அவர் வீட்டுக்குப் போன நான் திரையைப் பார்த்தேன். ஜே, கே, பி, ஓ என்று நான்கு ஆங்கில எழுத்து, பக்கத்தில் ஓர் அரைப்புள்ளி. பாமினியில் தட்டிப் பழகிய யாருக்கும் தெரியும், அது ‘தமிழ்’ என்ற சொல். அந்த அரைப்புள்ளிதான் ‘ழ்’ மேல் இருக்கும் புள்ளி.

வைரஸ் எதுவும் இல்லை. பார்மட் அடித்ததில் பாமினி எழுத்துரு போய்விட்டது, அதைத் திரும்பப் போடவில்லை. விஷயம் அவ்வளவுதான். நல்லவேளை ஐயா ரீசைக்கிள் பின்னைக் காலி செய்யாமல் வைத்திருந்தார்.

1

கணினிச் சிக்கலைத் தீர்ப்பது பற்றித் தமிழில் எழுத்துக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ‘தமிழ் கம்ப்யூட்டர்’ இதழ், தினமலரின் ‘கம்ப்யூட்டர் மலர்’, பிறகு வலைப்பதிவுகள், இப்போது யூடியூப். ஆங்கிலம் வராத ஒரு தலைமுறை கணினியைத் தொட்டதே இவற்றின் தைரியத்தில்தான். நானும் அந்த வகைதான். அந்த நன்றியோடுதான் இதைச் சொல்கிறேன்: இந்த எழுத்தின் அச்சு ‘குறிப்பு’. இந்தப் பிரச்சினையா, இதைச் செய்யுங்கள். பிரச்சினை ஒரு வரி, தீர்வு ஐந்து வரி. நடுவில் வரவேண்டிய ‘இது எதனால் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்’ என்பதற்கு அந்த அச்சில் இடமே கிடையாது.

வயலில் பயிர் மஞ்சளானால் நம் ஊர் விவசாயி உடனே ஒரு மருந்தை அடித்துவிடுவதில்லை. தண்ணீர் கட்டிக் கிடக்கிறதா, சத்துக் குறைவா, வேரில் பூச்சியா என்று ஒரு செடியைப் பிடுங்கிப் பார்ப்பார். குறிப்பு எழுத்து அந்தப் பிடுங்கிப் பார்க்கிற வேலையைச் சொல்லித் தரவில்லை. அதைப் படித்து வளர்ந்த நாமும், அதைப் பார்த்துத் தொழில் கற்ற கடைக்காரரும், காரணம் தெரியாதபோது கையில் எடுக்கிற மருந்து பார்மட். எல்லா நோய்க்கும் ஒரே லேகியம்.

லேகியம் கேட்கவும் செய்கிறது, அதுதான் சங்கடம். விண்டோஸைப் புதிதாகப் போட்டால் மென்பொருள் கோளாறு பாதிக்கு மேல் ஓடிவிடும். ஆனால் வன்பொருள் கோளாறு ஓடாது, ஒளிந்துகொள்ளும். ஐயாவின் கணினி மூன்றாவது வாரம் மறுபடி அதே கருப்புத் திரையில் நின்றது. நான் திறந்து பார்த்தேன். ஹார்டு டிஸ்கின் ஸ்மார்ட் பதிவைப் படித்ததில் கெட்டுப்போய் மாற்றிவைக்கப்பட்ட செக்டர் ஒன்றுகூட இல்லை. ஆனால் சி.ஆர்.சி. பிழை எண்ணிக்கை ஏகத்துக்கு ஏறியிருந்தது. முன்னது டிஸ்க் தட்டின் நோய், பின்னது பெரும்பாலும் டிஸ்கையும் மதர்போர்டையும் இணைக்கும் கேபிளின் நோய். கேபிளைத் தொட்டதும் கையோடு ஆடியது. புதுக் கேபிள் 80 ரூபாய். அன்றிலிருந்து இன்றுவரை நிற்கவில்லை.

ஆக, முதல்நாள் கடையில் சிபியுவைத் திறந்து மூடும்போது யாருடைய கையோ பட்டு அந்தக் கேபிள் தற்செயலாக இறுகியிருக்க வேண்டும். பார்மட் அடித்ததால் சரியானது என்று எல்லோரும் நம்பினார்கள். 80 ரூபாய்க் கேபிளுக்காக ஐம்பது கிழவிகளின் பாட்டு போனது.

2

இதற்கு எதிர் உதாரணம் ஒன்று உலகம் முழுக்கத் தெரிந்தது. 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் அனுப்பிய ஒரு பழுதான மேம்படுத்தலால் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையில் நின்றன. நம் விமான நிலையங்களில்கூடப் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். அன்று தரப்பட்ட மருந்து என்ன? சேஃப் மோடில் கிளப்பு, குறிப்பிட்ட அந்த ஒரு கோப்பை மட்டும் அழி, மறுபடி கிளப்பு. 85 லட்சத்தையும் பார்மட் அடியுங்கள் என்று யாரும் சொல்லவில்லை. காரணம் தெரிந்திருந்தது, அதனால் கத்தி வைக்க வேண்டிய இடமும் தெரிந்திருந்தது. பெரிய கம்பெனியின் கணினிக்கு இந்த மரியாதை உண்டு. பாபநாசத்துத் தமிழய்யாவின் கணினிக்குக் கிடையாது. ஏன்?

கடைக்காரர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதைச் சொல்லாமல் போனால் தப்பு. காரணம் தேட அரை நாள் ஆகும். அந்த அரை நாளுக்கு நாம் காசு கொடுப்போமா? “கேபிள்தான் சார்” என்று சொல்லி 500 ரூபாய் கேட்டால், “கேபிள மாட்டினதுக்கு ஐந்நூறா?” என்று சண்டைக்குப் போவோம். பார்மட்டுக்கு விலை நிர்ணயமாகிவிட்டது. யோசிப்பதற்கு இன்னும் விலை இல்லை. கடையில் வரிசையாக நிற்கும் பத்து சிபியுக்களில் எதில் பாட்டு இருக்கிறது, எதில் சும்மா சினிமா இருக்கிறது என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆனால் கேட்டிருக்கலாம். “உள்ள முக்கியமானது என்னங்கய்யா இருக்கு, எங்க வச்சிருக்கீங்க?” இந்த ஒரு கேள்விக்கு அரை நிமிஷம்தான் ஆகும்.

கேட்டிருந்தால் வழியும் எளிது. ஒரு பென்டிரைவில் லினக்ஸைப் போட்டு அதிலிருந்து கணினியைக் கிளப்பினால், விண்டோஸ் எழுந்திருக்காவிட்டாலும் டிஸ்கில் இருக்கும் கோப்புகளைப் படித்து வேறிடத்தில் நகல் எடுத்துவிடலாம். 2011 செப்டம்பரில் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. ஒன்று படுத்தால் இன்னொன்றின் வழியாகக் கோப்பை மீட்கலாம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொன்னார்களா? என் கைக்கு வந்த மடிக்கணினிகளில் பெரும்பாலானவற்றில் முதல் வேலையாக லினக்ஸை அழித்துத்தான் வைத்திருந்தார்கள்.

3

எனக்குப் பெரிய குறையாகப் படுவது எழுத்துரு விஷயம். ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எந்த மீட்பு வழிகாட்டியிலும் இது இருக்காது. காரணம், அவர்களுக்கு இந்த நோயே கிடையாது. நமக்கு உண்டு. அதனால் தமிழில் எழுதுகிறவர்கள்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும்.

யூனிகோடில் 1991-லேயே தமிழ் இருந்தாலும் விண்டோஸில் அது 2000-ல்தான் வந்தது. அதுவரைக்கும், அதற்குப் பிறகும் பல வருஷம், ஆளுக்கொரு முறையில் தட்டினோம். பாமினி, வானவில், டிஸ்கி என்று எத்தனை! 1999 தமிழ்நெட் மாநாட்டையொட்டி அரசு டாம், டாப் என்று இரண்டைத் தரமாக்கியது. 2010 கோவைச் செம்மொழி மாநாட்டு நேரத்தில்தான் யூனிகோடுக்கு மாறச் சொன்னது. இடைப்பட்ட காலத்தில் எழுதப்பட்ட முனைவர் பட்ட ஆய்வேடு, கோயில் தலவரலாறு, சங்கத்து மலர், சொந்தக் கவிதை எல்லாம் இன்றும் ஏதோ ஒரு டிஸ்கில் ஆங்கில எழுத்து வேஷத்தில் கிடக்கின்றன. கோப்பு நலமாக இருக்கும், படிக்கத்தான் முடியாது. ‘கரப்ட்’ ஆகிவிட்டது, ‘வைரஸ்’ தின்றுவிட்டது என்று நல்ல கோப்பை நாமே அழிக்கிறோம்.

இதைக் கண்டுபிடிப்பது ஒன்றும் வித்தையில்லை. வேர்டில் அந்தக் குப்பை வரியின்மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். பாமினி என்றிருந்தால் பாமினியைப் போட்டால் தமிழ் வந்துவிடும். பிறகு நியூ ஹொரைசன் மீடியா இலவசமாக வெளியிட்ட என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளலாம். ஐயாவின் டி டிரைவ் பாட்டுகள் ஒன்றுவிடாமல் இப்படித்தான் வந்தன.

4

சி டிரைவில் போனவை அப்படி வரவில்லை. விரைவு பார்மட் எல்லாவற்றையும் துடைப்பதில்லை. கோப்பு எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைத்தான் புதிதாக்குகிறது. ஆனால் பழைய அட்டவணை இருந்த இடத்திலேயே பெரும்பாலும் புது அட்டவணை உட்கார்ந்துவிடும். மேலே புது விண்டோஸ் வேறு ஏறிவிட்டது. டிஸ்கை முழுசாக நகலெடுத்து, அந்த நகலில் போட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இரண்டு ராத்திரி ஓட்டினேன். அது அட்டவணையைப் பார்க்காது. கோப்பின் தொடக்க அடையாளத்தை வைத்துத் துழாவும். நூற்றிச் சொச்சத்தில் ஐம்பத்தெட்டு பாட்டு கிடைத்தன.

ஆனால் போட்டோரெக் கோப்பின் பெயரை மீட்காது. ஓர் எழுத்தும் நீளமான எண்ணுமாகப் பெயர் வைத்துக் கொடுக்கும். ஐயா ஊர்ப் பெயரையும் பாடியவர் பெயரையும் கோப்பின் பெயராக மட்டுமே வைத்திருந்தார், உள்ளே எழுதவில்லை. பாட்டு வந்தது, பாடியவள் பெயர் வரவில்லை. நாட்டார் வழக்காற்றுச் சேகரிப்பில் பாடியவர் பெயர் இல்லாத பாட்டு பாதிப் பாட்டுதான்.

அதற்கும் ஐயாவுக்கு ஓர் அதிர்ஷ்டம் இருந்தது: பழைய ஹார்டு டிஸ்க். இன்றைய எஸ்.எஸ்.டி.யில் டிரிம் என்ற ஏற்பாடு அழித்த இடத்தைத் தானே காலி செய்துவிடும். போட்டோரெக் துழாவினாலும் பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. புது விண்டோஸ் 11 கணினிகள் பலவற்றில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டு வருகிறது. 48 இலக்க மீட்பு எண் இல்லாவிட்டால், லினக்ஸ் பென்டிரைவ் போட்டாலும் திறக்காது. அந்த எண் தன் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கிறது என்பதே பலருக்குத் தெரியாது. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்து, ஊர் முழுக்கக் கணினி மாற்றுகிற நேரம் இது. ‘அடிச்சுட்டு அப்புறம் பாத்துக்கலாம்’ என்பது இனி நடக்காது.

ஆகவே குறிப்பு எழுதும் நண்பர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. எந்தத் தீர்வை எழுதினாலும் அதற்கு முன்னால் இரண்டு வரி சேருங்கள். உள்ளே இருப்பதை முதலில் வேறிடத்தில் நகல் எடுக்கச் சொல்லுங்கள். பிறகு, நோய் மென்பொருளிலா வன்பொருளிலா என்று பிரித்துப் பார்க்கும் ஒரு சோதனையாவது சொல்லுங்கள். நம் ஊரில் விதைநெல்லை ஒருபோதும் சாப்பாட்டு நெல்லோடு கொட்டி வைக்க மாட்டார்கள். அது தெரிந்த ஐயாவே பாட்டை ஒரே இடத்தில்தான் வைத்திருந்தார். தெரிந்த நானும் இரண்டு வருஷமாக அவரிடம் நகல் எடுத்தீர்களா என்று கேட்கவில்லை. இந்த விமர்சனத்தில் எனக்கும் பங்கு உண்டு.

ஐயா இப்போது அந்த ஐம்பத்தெட்டையும் அச்செடுத்து வைத்துக்கொண்டு, பழையபடி ஊர் ஊராகப் போய் வருகிறார். முதல் அடியைப் படித்துக் காட்டுகிறார். போன வாரம் கபிஸ்தலத்தில் ஒரு அம்மா கேட்டதும், “இது எங்க பெரியம்மா படிக்கறது” என்றாராம். இதோடு பதினொரு பாட்டுக்குப் பெயர் கிடைத்திருக்கிறது. இந்தமுறை பெயரைக் கோப்புக்கு உள்ளேயும் எழுதச் சொல்லியிருக்கிறேன்.