கேட்டுச் செய்த படங்களில் ஒரு கலைஞர்: ராம் மோகனின் கோடுகள்

நம் சங்க மலர்களில் இசை, நாட்டியம், இலக்கியம், கோயிற்கலை என்று எல்லாவற்றைப் பற்றியும் கட்டுரைகள் வருகின்றன. கார்ட்டூன் படம் என்று பேச்செடுத்தால் மட்டும், 'அது குழந்தைகள் சமாசாரம்' என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். அந்தக் கலையில் அரை நூற்றாண்டுக்கு மேல் உழைத்த ராம் மோகனைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். 1931இல் பிறந்து 2019 அக்டோபரில் மறைந்தவர். 2014இல் பத்மஸ்ரீ பெற்றவர்.

'இந்திய அனிமேஷனின் தந்தை' என்று அவரைச் சொல்வார்கள். பட்டம் பெரிதுதான், ஆனால் அவர் என்ன வரைந்தார், எப்படி வரைந்தார் என்பதை அது சொல்வதில்லை. அவர் செய்த படங்களில் பெரும்பாலானவை அரசுத் துறையோ, விளம்பரக்காரரோ, வேறொரு இயக்குநரோ, ஐ.நா. அமைப்போ கேட்டுச் செய்தவை. வாழ்நாள் முழுக்கப் பிறர் கேட்டதையே வரைந்த ஒருவரிடம் அவருக்கே உரிய கலை என்று ஒன்று உண்டா? இதுதான் என் கேள்வி. வெளியூரில் பிழைக்க வந்து, யாரோ நீட்டிய ஃபைலையும் கணக்கையும் பார்த்தே வயதைக் கழித்த நம்மில் பலருக்கு இந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

ராம் மோகன் படித்தது சென்னைப் பல்கலைக்கழகத்தில், அதுவும் வேதியியல். 1956இல் பம்பாயில் ஃபிலிம்ஸ் டிவிஷனின் கார்ட்டூன் பிரிவில் சேர்ந்தார். அங்கே பயிற்சி தர வந்திருந்தவர் கிளேர் வீக்ஸ். டிஸ்னி ஸ்டுடியோவில் 'ஸ்னோ ஒயிட்', 'பாம்பி' போன்ற படங்களில் வேலை செய்தவர். மிஷனரிப் பெற்றோருக்கு இந்தியாவிலேயே பிறந்தவர். அந்தப் பயிற்சிக் காலத்தில் உருவானதுதான் ஜாதகக் கதையை ஒட்டிய 'பேன்யன் டியர்' என்ற படம். ஆக, ஆரம்பப் பாடமே டிஸ்னி முறையில் ஒரு நம்மூர்க் கதை என்று அமைந்தது.

இந்த வேலையின் பாரம் தெரிய ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். திரையில் ஒரு வினாடிக்கு 24 சட்டங்கள் ஓடும். ஒரு சித்திரத்தை இரண்டு சட்டங்களுக்கு நிறுத்தினாலும் வினாடிக்கு 12 சித்திரங்கள் வேண்டும். பத்து நிமிடப் படம் என்றால் 7,200. ஒவ்வொன்றையும் பென்சிலில் வரைந்து, கண்ணாடி போன்ற செல்லுலாய்டு தாளில் மையால் படியெடுத்து, பின்பக்கம் வண்ணம் பூசி, பின்னணி ஓவியத்தின் மேல் வைத்து, கேமராவின் கீழே இரண்டிரண்டு சட்டமாகப் படம் பிடிக்க வேண்டும். டிஸ்னிக்கு இதற்கு ஒரு படையே இருந்தது. நம் அரசு அலுவலகத்தில் அந்த வசதி ஏது? ஆள் குறைவு, பணம் குறைவு, தவணை மட்டும் கறார்.

ராம் மோகனின் பாணி இந்த நெருக்கடியில்தான் பிறந்தது என்பது என் கணிப்பு. வேண்டாத கோடு ஒன்றுகூட இல்லாத முகங்கள். உடம்பு சும்மா இருக்க, புருவமோ கையோ மட்டும் அசையும். நம் வீட்டு வாசலில் நாலு புள்ளி வைத்து ஒரே இழையில் கோலத்தை முடித்துவிடும் பாட்டிக்கு அரிசிமாவு வீணாகாது, கோலமும் குறையாது. அந்த வகைச் சிக்கனம் இது.

1968இல் அரசு வேலையை விட்டு பிரசாத் நிறுவனத்தின் அனிமேஷன் பிரிவுக்குப் போனார். 1972இல் 'ராம் மோகன் பயோகிராஃபிக்ஸ்' என்ற சொந்த நிறுவனம். விளம்பரங்கள், இந்திப் படங்களின் டைட்டில் காட்சிகள் என்று வேலை குவிந்தது. நடுவில் 'யூ செட் இட்' (1972), 'ஃபயர் கேம்ஸ்' (1983) ஆகிய குறும்படங்களுக்குத் தேசிய விருதும் வந்தது.

பிறர் படத்துக்குள் புகுந்து அவர் செய்த வேலைக்கு இரண்டு உதாரணம் சொல்கிறேன். மிருணாள் சென்னின் 'புவன் ஷோம்' (1969) படத்தில் வரும் கார்ட்டூன் துண்டு, அதிகாரியின் அலுவலக உலகத்தை நையாண்டி செய்கிறது. சத்யஜித் ராயின் 'ஷத்ரஞ்ச் கே கிலாடி' (1977) படத்தில், டல்ஹௌசி சுதேச சமஸ்தானங்களை ஒவ்வொன்றாகச் செர்ரிப் பழம் போல வாயில் போட்டுக்கொள்ளும் காட்சி. சரித்திரப் புத்தகம் பல பக்கங்களில் சொல்லும் நாடுபிடிக்கும் கொள்கை, ஒரு ஆள் தின்பண்டம் தின்கிற நேரத்தில் விளங்கிவிடுகிறது. சிரிப்பு வருகிறது, அடுத்த கணம் அந்தச் சிரிப்பே உறுத்துகிறது. ராயே தேர்ந்த ஓவியர். அவர் படத்துக்குள் இன்னொருவர் கோடு உறுத்தாமல் உட்கார்ந்திருக்கிறது என்றால் அது சாதாரண விஷயமில்லை.

இனி அவர் பெயரோடு எல்லோரும் சேர்த்துப் பேசும் 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' (1992). ஜப்பானியரான யூகோ சாகோவின் கனவு அது. சாகோ, கொய்ச்சி சசாகி, ராம் மோகன் மூவரும் இயக்குநர்கள். சுமார் ஒரு லட்சம் கைச்சித்திரங்கள் என்பார்கள். 2025 ஜனவரியில் தமிழ் உள்பட சில மொழிகளில் மறுபடி திரையரங்குக்கு வந்தபோது பேத்தியோடு போய்ப் பார்த்தேன். "தாத்தா, ராமர் கண்ணு ஏன் இவ்ளோ பெருசா இருக்கு?" என்றாள். குழந்தை கேட்டது நல்ல விமரிசனக் கேள்வி. அந்தக் கண்கள் ஜப்பானிய அனிமேயின் கண்கள். காடும் கடலும் யுத்தமும் பிரமாதமாக இருக்கின்றன. ஆனால் அந்தப் பிரமாண்டம் ஜப்பானிய ஸ்டுடியோக்களின் பலம். வேஷ்டி மடிப்பு, வணங்கும் கை, பெரியவர் முன் நிற்கும் விதம் ஆகிய இடங்களில் இந்தியக் கை தெரிகிறது. படம் பெருமைக்குரியதுதான்; ஆனால் ராம் மோகனை முழுதாக அறிய அது போதாது.

அவரை முழுதாக நான் காண்பது 'மீனா'வில். 1990களின் தொடக்கத்தில், தெற்காசியப் பெண்குழந்தைகளின் நிலையைச் சொல்ல யூனிசெஃப் ஒரு தொடர் கேட்டது. இந்தியா, பங்களாதேஷ், பாகிஸ்தான், நேபாளம் என்று நான்கு நாட்டு மக்களும் 'இது நம்ம வீட்டுப் பொண்ணு' என்று சொல்ல வேண்டும். வரைபவருக்கு இதைவிடக் கடினமான நிபந்தனை இருக்க முடியுமா? சேலை கட்டினால் ஒரு ஊர், சல்வார் போட்டால் இன்னொரு ஊர். கிராமங்களில் குழந்தைகளிடமும் பெற்றோரிடமும் சித்திரங்களைக் காட்டி, கேட்டு, திருத்தித் திருத்தி உருவாக்கினார்கள். நீளப் பாவாடை, மேல்சட்டை, தோளில் ஒரு துணி. எல்லா ஊருக்கும் பொருந்தும் பெயர்: மீனா. நமக்கோ அது மீனாட்சியின் செல்லப் பெயர்! தொடக்கப் படங்கள் மணிலாவில் ஹன்னா-பார்பெராவின் கிளை ஸ்டுடியோவில் தயாராயின, பிறகு மும்பையிலும்.

முதல் கதையில் மீனாவைப் பள்ளிக்கு அனுப்புவதில்லை. அவள் தன் கிளி மிட்டுவை வகுப்புக்கு அனுப்பிக் கணக்குப் பாடத்தைக் கற்றுக்கொள்கிறாள். கோழிகளை எண்ணிப் பார்த்து ஒன்று குறைவதைக் கண்டுபிடிக்கிறாள், திருடன் அகப்படுகிறான். இன்னொரு கதையில் தம்பி ராஜுவுக்கு மாம்பழத்தில் பெரிய பங்கு. ஒருநாள் இருவரும் வேலையை மாற்றிக்கொள்ள, மாலைக்குள் ராஜு அசந்துபோகிறான். இங்கே சித்திரம் செய்யும் வேலையைக் கவனியுங்கள். பங்கு பெரிது சிறிது என்பது வசனத்துக்கு முன்பே தட்டில் தெரிந்துவிடுகிறது. எழுதப் படிக்கத் தெரியாத தாய்க்கும் அது எட்டும். சிக்கனக் கோடு இங்கே அறமாகவும் ஆகிவிடுகிறது.

குறையும் சொல்லத்தான் வேண்டும். மீனா கதைகளில் பெரியவர்கள் சீக்கிரம் மனம் மாறிவிடுகிறார்கள். ஒரு கோழியை எண்ணிக் காட்டியதும் அப்பா பள்ளிக்குச் சம்மதிப்பது, நிஜ வீடுகளை அறிந்தவர்க்கு அவசர முடிவாகவே படும். கேட்டவருடைய செய்தி கதையை முந்திக்கொள்ளும் இடம் இது. கேட்டுச் செய்யும் கலைக்கு இந்த விலை உண்டு. ஆனாலும் படம் முடிந்தபின் நினைவில் நிற்பது உபதேசம் அல்ல, அந்தப் பெண்ணின் முகம்.

அதே பேத்திக்கு மீனாவையும் போட்டுக் காட்டினேன். "இவ எந்த ஊரு தாத்தா?" என்றாள். "நீயே சொல்லு" என்றேன். கொஞ்சம் யோசித்து, "எல்லா ஊரும்" என்றாள். தமிழ்நாட்டில் 'பம்பாய்க்காரி' என்றும் இங்கே 'மதராசி' என்றும் பெயர் வாங்கும் பிள்ளைகளுக்கு, எந்த ஊருக்கும் அந்நியமாகாத ஒரு சித்திரப் பெண் கிடைத்திருக்கிறாள்.

தொடக்கக் கேள்விக்கு வருகிறேன். நிபந்தனை போட்டவர் பிறர். அதற்குள் எதை விடுவது, எதை வைப்பது என்று தீர்மானித்தது ராம் மோகனின் கை. அந்தத் தீர்மானத்தைத்தான் நான் கலை என்கிறேன். 2006இல் கிராஃபிட்டி அனிமேஷன் பள்ளியைத் தொடங்கி இளைஞர்களுக்கு அவர் கற்பிக்க முனைந்ததும் இந்தத் தொழில்தான். நம் ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பில் ஒருநாள் மீனா படம் ஒன்றை ஓட்டி, பிள்ளைகளையே தமிழில் வசனம் சொல்லச் சொன்னால் என்ன? சங்கப் பொறுப்பாளர்கள் யோசிக்க வேண்டுகிறேன்.