முடிவில்லாத பக்கம் நற்பக்கம் ஆகுமா?

நூல் என்பது எழுத்துகளின் குவியல் அன்று. வகுத்து நிறுத்திய ஒழுங்கு. ஓரினப் பொருளை நிரல்பட வைப்பது ஓத்து என்றும், பல பொருள் விரவி வருவது படலம் என்றும் நன்னூற் பாயிரம் பகுத்துரைப்பதைத் தமிழாசிரியர் அறிவர். 1330 குறள்களும் 133 அதிகாரங்களாக நிற்பதாலன்றோ வேண்டிய குறளை நொடியில் எடுக்க முடிகிறது? இன்று எழுத்தைத் தாங்கி வரும் இணையதளத்திற்கும் இவ்விதி உண்டா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

ஏட்டைப் புரட்டிய கை இன்று திரையை உருட்டுகிறது. உருட்டுதலே குற்றமன்று. திரையில் முதலில் தெரிவதற்குக் கீழே செல்வோர் பத்தில் ஒருவரே என 1996-இல் ஜேக்கப் நீல்சன் கூறினார். 1997-இல் அக்கருத்தைத் தாமே மாற்றிக்கொண்டார். எனினும், அவர் இணைந்து நிறுவிய ஆய்வு நிறுவனம் 2018-இல் வெளியிட்ட முடிவின்படி, படிப்போர் பார்வை நேரத்தில் 57 விழுக்காடு முதல் திரையிலேயே கழிகிறது. 2010-இல் அது 80 விழுக்காடு. மக்கள் உருட்டுகின்றனர்; ஆனால் கீழே செல்லச் செல்லக் கவனம் தளர்கிறது. ஆகவே சாரம் மேலே நிற்றல் வேண்டும். பாயிரம் நூலின் முன் நிற்பதும் இதனாலேயே.

2006-இல் அசா ராஸ்கின் வகுத்த முடிவிலா உருட்டல் வேறு வகையினது. அடியை நெருங்குந்தோறும் புதுச்செய்தி தானே வந்து சேரும். பொழுதுபோக்காகப் படம் பார்ப்போர்க்கு இஃது எளிமையே. ஒன்றைத் தேடி வருவோர்க்கோ மூன்று இடர்கள் உள. ஒரு செய்தியைத் திறந்து பார்த்து மீண்டால், பல தளங்களில் விட்ட இடம் காணாமற் போகிறது. பக்கத்தின் அடியிலுள்ள முகவரி கைக்கெட்டாமல் நழுவுகிறது. எங்கே நிறுத்துவது என்பதும் தெரிவதில்லை. ராஸ்கினே பின்னர் இதற்காக வெளிப்படையாக வருந்தினார். 2021-இல் கைப்பேசியிலும் 2022-இல் கணினியிலும் தொடர் உருட்டலைத் தேடல் முடிவுகளுக்குக் கொண்டுவந்த கூகுள், 2024-இல் அதனைக் கைவிட்டது.

அப்படியாயின் நீண்ட பக்கமே ஆகாதோ எனின், அன்று. ஒரே கட்டுரையைப் பத்துத் துண்டாக்கி, துண்டுதோறும் ‘அடுத்த பக்கம்’ என அலைக்கழிப்பதும் குற்றமே. அது ஓர் ஓத்தைச் சிதைப்பதாகும். தொடர்ந்து படிக்க வேண்டியதை ஒரே பக்கத்தில் உருளவிடுக; தேடி எடுக்க வேண்டியதைப் பகுத்து வைக்க. தலைப்பில் உட்பிரிவுப் பட்டியல் இருத்தல், மீண்டு வருவோரை விட்ட இடத்திலேயே நிறுத்துதல், தானே கொட்டாமல் ‘மேலும் காட்டு’ எனப் படிப்போர் விருப்பிற்கு விடுதல் ஆகிய மூன்றும் போதும்.

வகுப்பிற்கு ஒரு பாடலைத் தேடும் ஆசிரியரும், சிறு கைப்பேசியில் பாடம் பார்க்கும் மாணவரும் கேட்பது விந்தையன்று, வழிகாட்டலே. சுவடி எழுதியோர் ஓலையின் ஓரத்தில் எண்ணிட்டனர். கட்டு அவிழ்ந்து ஏடு சிதறினும் படிப்போர் இடம் அறிய வேண்டும் என்ற பரிவு அது. அப்பரிவு இல்லாத திரை எத்துணை வனப்புடையதாயினும் ஏடாகாது.