பிறர் புகை

'பாஸிவ் ஸ்மோக்கிங்' என்பதைச் 'செயலற்ற புகைபிடித்தல்' என்று தமிழாக்குகிறோம். பிடிப்பவர் ஒருவர், அதைச் சுவாசிக்க நேர்ந்தவர் இன்னொருவர். தொடரோ சுவாசித்தவரையே புகைபிடிப்பவராக்கி, கூடவே செயலற்றவர் என்றும் சொல்லிவிடுகிறது. பிடித்தவர் அதில் இல்லவே இல்லை. இலக்கணம் நடத்துகிறவளுக்கு இது உறுத்தத்தான் செய்யும். 'பிறர் புகை' என்றால் போதுமே.

இந்தக் கேட்டுக்கான முதல் பெரிய சான்றுகளில் ஒன்று மனைவிகள் வழியாகத்தான் கிடைத்தது. ஜப்பானில் புகைக்காத 91,540 மனைவியரைப் பதினான்கு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வை 1981இல் தகேஷி ஹிராயாமா வெளியிட்டார். கணவர் பிடித்த சிகரெட்டின் எண்ணிக்கை கூடக்கூட மனைவிக்கு நுரையீரல் புற்றுநோய் வரும் ஆபத்தும் கூடியிருந்தது. அவளுடைய மூச்சை அளக்க அவருடைய பழக்கத்தைக் கேட்டாலே போதுமாயிருந்தது. ஒரு திருமணத்தைப் பற்றி இதைவிட என்ன சொல்லிவிட முடியும்?

திருச்சிக்குப் புகை ஊர்ப்பெருமை. 1887இல் வந்த முதல் ஷெர்லாக் ஹோம்ஸ் நாவலில், சாம்பலைப் பார்த்தே அது திருச்சினாப்பள்ளிச் சுருட்டு என்கிறார் துப்பறிவாளர். உறையூர்ச் சுருட்டைப் பற்றிப் பேசும்போது நம்மவர்கள் இதைச் சொல்லாமல் விடுவதில்லை. சாம்பலுக்கு அவ்வளவு கவனம். ஆற்றைக் கடந்தால் ஸ்ரீரங்கம். திண்ணை, ரேழி, கூடம், அடுக்களை என நேர்கோட்டில் ஓடும் பழைய வீடுகள். வாசலில் பற்றவைத்தது கொல்லைவரை வரும். பெண்ணை மூன்று நாள் கொல்லைப்புறத்தில் உட்கார வைத்த ஆசாரம் அந்தப் புகைக்குத் தீட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2003இல் வந்தது; 2008 அக்டோபர் 2 முதல் அலுவலகம், உணவகம், பேருந்து நிலையம் எல்லாவற்றிலும் தடை, மீறினால் 200 ரூபாய் வரை அபராதம். முப்பது பேர் அமரும் உணவகம் தனிப் புகையறை வைத்துக்கொள்ளலாம் என்றும் அதில் உண்டு. அந்த அறையைக் கூட்டிப் பெருக்குபவர் யார் என்று சட்டம் எழுதியவர்கள் யோசித்திருப்பார்களா? 2016-17 தேசியக் கணக்கெடுப்பின்படி கூரைக்குள் வேலை பார்ப்போரில் 30.2 சதவீதம் பேர் பணியிடத்தில் பிறர் புகையைச் சுவாசித்தார்கள். வீட்டில் சுவாசித்தவர்கள் 38.7 சதவீதம். வீட்டுக்குச் சட்டமும் கிடையாது.

அதே கணக்கெடுப்பில் புகைக்கும் ஆண்கள் 19 சதவீதம், பெண்கள் 2. ஆனால் தில்லைநகரில் ஒரு பெண் சிகரெட்டோடு நின்றால் தெருவுக்கே பண்பாடு நினைவுக்கு வரும். யாரும் அவள் நுரையீரலுக்காகக் கவலைப்படப் போவதில்லை. பக்கத்தில் பற்றவைத்த ஆணிடம் "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார்" என்று கேட்டுப் பாருங்கள். முகத்தை அந்தப் பக்கம் திருப்பி ஊதுவார், அது நாகரிகம். கேட்டவள் சிடுமூஞ்சி. "அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்க மேடம்" என்று இன்னொருவர் சமாதானத்துக்கும் வருவார்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது நம் இலக்கியக் கூட்டங்கள். மேடையில் பெண்ணெழுத்தைப் பாராட்டுவார்கள். சிறப்பிதழுக்கு யாரிடம் கவிதை கேட்பது, தொகுப்புக்கு யார் முன்னுரை என்பதெல்லாம் முடிவாவது வெளியே டீக்கடையில், நான்கைந்து சிகரெட்டுகளுக்கு நடுவில். அங்கே நின்றால் இருமல். நிற்காவிட்டால் பெயர் விடுபடும். ஆஸ்துமா உள்ள தோழி ஒருத்தி கூட்டம் முடிந்ததும் ஒன்றாம் நம்பர் பேருந்தைப் பிடித்து ஸ்ரீரங்கம் போய்விடுவாள். 'அவங்களுக்கு ஆர்வமில்ல' என்று அவளைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. டீயை அரங்கத்துக்குள்ளேயே வரவழைக்கலாமே என்று ஒருமுறை கேட்டோம். "வெளிய போனாத்தானே மேடம் பேச்சே வரும்?" என்றார் ஒருங்கிணைப்பாளர்.